நடுவுல ஒரு ஆள்: ஒரு இன்ஸ்டால் கமாண்டின் வரலாறு

(எபிசோடில் பேசியது, வாசிப்பதற்காகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

இன்னைக்கு ஒரே ஒரு கமாண்டோட வரலாறு.

டெர்மினலைத் திறக்கிறோம். "சூடோ ஆப்ட் இன்ஸ்டால்"னு அடிச்சு, பக்கத்துல நமக்கு வேண்டிய சாஃப்ட்வேர் பேரைப் போட்டு என்டர் தட்டுறோம். கடகடன்னு எழுத்து ஓடுது. இதோட சேர்ந்து இன்னும் 23 பேக்கேஜ் வரும், இத்தனை எம்பி இடம் பிடிக்கும், தொடரலாமான்னு ஒரு கேள்வி. நாம யோசிக்கறதே இல்லை. ஒய் அழுத்துறோம். அரை நிமிஷத்துல வேலை முடிஞ்சிடுது.

அந்த 23 பேக்கேஜும் யார் எழுதினது? யார் பார்த்து அனுப்பினது? அதுலயும் முன்னாடி "சூடோ" வேற போட்டிருக்கோம். அதாவது, வீட்டுச் சாவிக்கொத்தை மொத்தமா எடுத்துக் கொடுத்து, "உள்ள போய் என்ன வேணும்னாலும் பண்ணிக்கோ"ன்னு சொல்லியிருக்கோம். யார்கிட்ட சொன்னோம்?

லினக்ஸ் பக்கமே போனதில்லைன்னு சொல்றவங்களுக்கும் இது பொருந்தும். மேக்ல ப்ரூ, விண்டோஸ்ல விங்கெட், பைத்தான்ல பிப், ஜாவாஸ்கிரிப்ட்ல என்பிஎம். பேர்தான் வேற வேற, சங்கதி ஒண்ணுதான். பேக்கேஜ் மேனேஜர்.

இந்த வரலாற்றை வழக்கமா டெக்னாலஜி கதையா சொல்லுவாங்க. இந்த வருஷம் இந்த டூல் வந்துச்சு, அடுத்த வருஷம் அதைவிட வேகமா ஒண்ணு வந்துச்சுன்னு. எனக்கு இதுல வேற ஒரு கதை தெரியுது. சாஃப்ட்வேர் எழுதினவருக்கும் அதைப் பயன்படுத்துற நமக்கும் நடுவுல நிக்கிற ஒரு ஆளோட கதை. அந்த ஆளை எப்படி உருவாக்கினாங்க, ஏன் தூக்கிப் போட்டாங்க, தூக்கினப்போ என்ன ஆச்சு, அவர் இருந்தும் என்ன ஆச்சு. அதைத்தான் இன்னைக்குப் பார்க்கப் போறோம்.

டார் ஃபைல் காலம்

1990-களோட ஆரம்பத்துக்குப் போவோம். யூனிக்ஸ் வகை கம்ப்யூட்டர்ல ஒரு புது புரோகிராம் வேணும்னா, அதோட சோர்ஸ் கோடை ஒரு மூட்டையாக் கட்டி ஏதாவது பல்கலைக்கழக சர்வர்ல வச்சிருப்பாங்க. அந்த மூட்டைக்குப் பேர் டார் ஃபைல். டேப் ஆர்கைவ்ங்கறதோட சுருக்கம். காந்த நாடாவுல ஃபைல்களைச் சேமிக்கிறதுக்காக 1979-ல யூனிக்ஸ் ஏழாம் பதிப்போட வந்த டூல் அது. நாடா காலம் போயிடுச்சு, பேர் மட்டும் நின்னுடுச்சு.

மூட்டையை டவுன்லோட் பண்ணணும், பிரிக்கணும், அப்புறம் மூணு கமாண்ட். முதல்ல "கான்ஃபிகர்". உங்க மெஷின்ல என்னென்ன இருக்குன்னு அது துழாவிப் பார்க்கும். அடுத்து "மேக்". சோர்ஸ் கோடை ஓடக்கூடிய புரோகிராமா மாத்தும். கடைசியா "மேக் இன்ஸ்டால்". ஃபைல்களை அங்கங்க கொண்டுபோய் வைக்கும்.

எல்லாம் ஒழுங்காப் போனா சரி. ஆனா பாதி நேரம் முதல் படியிலேயே நிக்கும். இன்ன லைப்ரரி இல்லைன்னு சொல்லும். அதைத் தேடி எடுத்துட்டு வந்தா, அதுக்கு இன்னொரு லைப்ரரி வேணும். அதைக் கொண்டுவந்தா, அதோட பழைய வெர்ஷன்தான் வேணும்னு வேற ஒண்ணு அடம்பிடிக்கும். சாம்பார் வைக்கலாம்னு போனவன், துவரம்பருப்புக்காக வயலை உழுதுட்டு நிக்கிற கதைதான்.

இதைவிடப் பெரிய தலைவலி, எடுக்கிறது. ஒரு புரோகிராம் எந்தெந்த ஃபைலை எங்கெங்க வச்சதுங்கற கணக்கு யார்கிட்டயும் இல்லை. அழிக்கணும்னா நீங்களேதான் தேடித் தேடி அழிக்கணும்.

இந்தக் கான்ஃபிகர் ஸ்கிரிப்டை மட்டும் மனசுல ஒரு ஓரமா வச்சுக்கோங்க. ஆயிரக்கணக்கான வரி இருக்கும், மனுஷன் படிக்கிற மாதிரி இருக்காது, யாரும் படிக்கவும் மாட்டாங்க. முப்பது வருஷம் கழிச்சு இது திரும்பவும் கதைக்குள்ள வரும்.

இந்தியானாவில் ஒரு மாணவர்

1991-ல லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டார். ஆனா அது வெறும் கெர்னல். அதை வச்சு ஒரு லெட்டர்கூட டைப் பண்ண முடியாது. கெர்னலோட மத்த புரோகிராம்களையும் சேர்த்து ஒரு முழு சிஸ்டமா யாராவது கட்டித் தரணும். அதைத்தான் டிஸ்ட்ரிபியூஷன்னு சொல்றோம். 1992-ல வந்த எஸ்எல்எஸ் அந்த மாதிரி ஒண்ணு. ஃபிளாப்பிகள்ல பரவலாப் போச்சு. பிழைகளும் கூடவே போச்சு.

அந்தப் பிழைகளைப் பார்த்துப் பொறுக்க முடியாம ஒருத்தர் புதுசா ஆரம்பிச்சார். பேர் இயன் மர்டாக். அமெரிக்காவோட இந்தியானா மாநிலத்துல பர்டியூ பல்கலைக்கழக மாணவர், வயசு 20. 1993 ஆகஸ்ட் 16-ஆம் தேதி தன் திட்டத்தை அறிவிச்சார். காதலி டெப்ராவோட பேரையும் தன் பேரையும் சேர்த்து வச்ச பேர்தான் டெபியன்.

மர்டாக்கோட யோசனை என்னன்னா, கெர்னலைப் பல பேர் சேர்ந்து எழுதற மாதிரி, டிஸ்ட்ரிபியூஷனையும் பல பேர் சேர்ந்து கட்டலாம். ஆனா உலகத்துல அங்கங்க உட்கார்ந்திருக்கிற, ஒருத்தரை ஒருத்தர் பார்த்தே இராத தன்னார்வலர்கள் ஒரே சிஸ்டத்துல கை வச்சா, ஒருத்தர் கட்டினதை இன்னொருத்தர் இடிச்சிடுவார். அதனால சிஸ்டத்தைத் துண்டு துண்டாப் பிரிச்சாங்க. ஒவ்வொரு துண்டும் ஒரு பேக்கேஜ். ஒவ்வொரு பேக்கேஜுக்கும் பொறுப்பா ஒரு ஆள்.

அந்தத் துண்டுகளைப் போடவும் எடுக்கவும் எழுதின டூல்தான் டிபிகேஜி. முதல்ல ஷெல் ஸ்கிரிப்டா இருந்துச்சு. 1994-ல இயன் ஜாக்சன் அதோட பெரும்பகுதியை சி மொழியில திரும்ப எழுதினார். எந்த பேக்கேஜ் எந்த ஃபைலை எங்க வச்சதுங்கற கணக்கு இப்பதான் எழுதி வைக்கப்பட்டது. போட்டதை எடுக்க முடிஞ்சது.

ஒவ்வொரு டெபியன் பேக்கேஜுக்குள்ளயும் கன்ட்ரோல்னு ஒரு சின்ன ஃபைல் உண்டு. பேக்கேஜோட பேர், வெர்ஷன், எதை எதை நம்பி இருக்குங்கற பட்டியல் எல்லாம் அதுல இருக்கும். அதோட "மெயின்டெய்னர்"னு ஒரு வரி. அதுல ஒரு ஆளோட அல்லது ஒரு குழுவோட பேரும் ஈமெயிலும் இருக்கும். பல சமயம் அவர் அந்த சாஃப்ட்வேரை எழுதினவர் கிடையாது. எழுதினவர்கிட்ட இருந்து வாங்கி, பார்த்து, டெபியனுக்குப் பொருந்துற மாதிரி கட்டி, பிழை வந்தா பதில் சொல்றவர். நான் முதல்ல சொன்ன நடு ஆள் இவர்தான்.

லினக்ஸ் இந்தத் துறைக்குக் கொடுத்த மிகப்பெரிய முன்னேற்றமே பேக்கேஜ் மேனேஜ்மென்ட்தான்னு 2007-ல மர்டாக் எழுதினார். 2015 டிசம்பர் 28-ல காலமானார். வயசு 42.

ஆப்ட் வந்த கதை

டிபிகேஜி கணக்குப்பிள்ளை மாதிரி. "உனக்கு வேண்டிய லைப்ரரி இல்லை, போய்க் கொண்டுவா"ன்னு கறாராச் சொல்லும். அதுவே போய்க் கொண்டுவராது. இந்தப் பக்கம் ரெட் ஹேட் நிறுவனம் 1995-ல ஆர்பிஎம்னு தன்னோட வடிவத்தைக் கொண்டுவந்தது. அங்கேயும் இதே பாடுதான். "டிபென்டன்சி ஹெல்", அதாவது சார்பு நரகம்ங்கற பேச்சு இந்தக் காலத்துலதான் அடிபட ஆரம்பிச்சது.

அதுக்கு டெபியன் கண்டுபிடிச்ச பதில்தான் ஆப்ட். 1998-ல முதல் சோதனை வெளியீடு. 1999 மார்ச்ல வந்த டெபியன் 2.1-ல "ஆப்ட்-கெட்" எல்லார் கைக்கும் வந்தது. ஒரு பேரைச் சொன்னாப் போதும். அதுக்கு என்ன வேணும், அதுக்கு என்ன வேணும்னு மரத்தோட வேர் வரைக்கும் போய்ப் பார்த்து, எல்லாத்தையும் சர்வர்ல இருந்து இறக்கி, சரியான வரிசையில போட்டுடும்.

சுலபமாத் தெரியுது இல்ல? உள்ளுக்குள்ள இருக்கிற கணக்கு சுலபம் கிடையாது. எந்த வெர்ஷனை எடுத்தா எல்லாரும் ஒத்துப்போவாங்கங்கறது, பேக்கேஜ் எண்ணிக்கை கூடக் கூட எக்கச்சக்கமாச் சிக்கலாகும். பெரிய சுடோகு புதிர் மாதிரி. கம்ப்யூட்டர் சயின்ஸ்ல என்பி-கம்ப்ளீட்னு படிச்சிருப்பீங்களே, அந்த வகைக் கணக்குதான் இதுவும்னு 2000-களோட நடுவுல ஐரோப்பிய ஆய்வாளர்கள் நிரூபிச்சாங்க.

ஆர்பிஎம் பக்கம் இதே வேலையைச் செஞ்சது யம். டியூக் பல்கலைக்கழக இயற்பியல் துறையில கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கிட்டிருந்த சேத் விடால், எல்லோ டாக் லினக்ஸோட அப்டேட் டூலை எடுத்து மாத்தி எழுதினார். "எல்லோடாக் அப்டேட்டர், மாடிஃபைட்"ங்கறதோட முதல் எழுத்துகள்தான் யம். உலகம் பூரா எத்தனையோ சர்வர்கள் பல வருஷம் இதை வச்சுத்தான் அப்டேட் ஆச்சு. விடால் 2013-ல சைக்கிள்ல போகும்போது கார் மோதி இறந்துபோனார்.

டெபியனோட பதிப்புப் பேர்களைப் பத்தியும் ஒரு வார்த்தை. எல்லாமே டாய் ஸ்டோரி படத்துல வர்ற பாத்திரங்கள். அப்போ திட்டத்தை நடத்தின புரூஸ் பெரென்ஸ் பிக்ஸார்ல வேலை பார்த்ததால வந்த வழக்கம். சோதனைகள் நடக்கிற நிலையற்ற பதிப்புக்கு மட்டும் நிரந்தரமா ஒரே பேர்: சிட். படத்துல பொம்மைகளை உடைக்கிற பக்கத்து வீட்டுப் பையன். இந்தப் பையனையும் ஞாபகம் வச்சுக்கோங்க.

நெட் இல்லாத ஊருக்கு

ஆப்ட் ஒரு விஷயத்தை எடுத்துக்கிட்டுதான் வேலை செய்யுது: நெட் இருக்கும்னு. 2000-களோட நடுவுல நம்ம ஊர்ல அது பெரிய விஷயம். நூத்துக்கணக்கான எம்பியை இறக்கணும்னா, இலவசமாக் கிடைக்கிற நேரத்துக்காக ராத்திரி ரெண்டு மணிக்கு அலாரம் வச்சு எழுந்த பிஎஸ்என்எல் காலத்துக் கதைகளை எனக்கு முந்தின தலைமுறை ஆட்கள் சொல்லிக் கேட்டிருக்கேன்.

அதுக்கும் வழி இருந்துச்சு. டெபியன் முழுசும் அப்போ சிடிக்களா கிடைச்சது. "ஆப்ட்-சிடிராம்"னு ஒரு கமாண்ட், அந்த சிடியையே ஒரு சர்வர் மாதிரி நினைச்சுக்கும். டெபியனை அடிப்படையா வச்சு வந்த உபுண்டு, கேட்டவங்களுக்கெல்லாம் ஷிப்இட்ங்கற பேர்ல தபால்ல இலவசமா சிடி அனுப்பிச்சது. 2011-ல நிறுத்துற வரைக்கும் நம்ம ஊர் மாணவர்கள் பலருக்கு முதல் லினக்ஸ் வந்தது அந்தக் கவர்லதான். சென்னை சி-டாக் உருவாக்கின பாஸ் லினக்ஸும் டெபியன் மேல கட்டினதுதான். அதனால ஒரு அரசுப் பள்ளி லேப்டாப்ல பாஸ் ஓடினாலும், உள்ள வேலை செய்றது அதே டிபிகேஜி, அதே ஆப்ட்.

முத்திரையும் ஒரு ஓட்டையும்

இப்போ ஒரு சந்தேகம் வரணும். டெபியன் பேக்கேஜ்கள் உலகம் பூரா நூத்துக்கணக்கான சர்வர்கள்ல நகல் எடுத்து வைக்கப்பட்டிருக்கு. அதுல ஒரு சர்வர்க்காரர் கெட்டவரா இருந்து, பேக்கேஜை மாத்தி வச்சா?

அதுக்காக ஒரு முத்திரைச் சங்கிலி. ஒவ்வொரு பேக்கேஜுக்கும் ஒரு கைரேகை மாதிரி ஒரு எண் கணக்கிடுவாங்க. எல்லா எண்களும் ஒரு பட்டியல்ல. பட்டியலுக்கு ஒரு எண். கடைசியா அதுக்கு மேல டெபியனோட டிஜிட்டல் கையெழுத்து. நடுவுல யாராவது ஒரு எழுத்தை மாத்தினாலும் ஆப்ட் கண்டுபிடிச்சிடும். 2007-ல வந்த டெபியன் 4.0-ல இருந்து இந்தச் சோதனை தானாவே நடக்குது.

சரி, உள்ள பேக்கேஜ் போடுற ஆள் யாருன்னு எப்படி நம்புறது? இங்கதான் டெபியன் ரொம்பப் பழைய வழியைப் பிடிச்சது. நேர்ல பார்க்கிறது. புதுசா சேர்றவரை, ஏற்கெனவே உள்ள டெவலப்பர்கள் நேர்ல சந்திச்சு, அடையாள அட்டையைப் பார்த்து, அவரோட டிஜிட்டல் சாவிக்குக் கையெழுத்துப் போடுறது வழக்கம். மாநாடுகள்ல இதுக்குன்னே ஒரு நேரம் ஒதுக்குவாங்க. 2023 செப்டம்பர்ல அந்த மாநாடு நம்ம பக்கத்துல, கொச்சியிலதான் நடந்தது.

ஆக, ஆளும் நிஜம், முத்திரையும் நிஜம். ஆனா நேர்மையான ஆளுக்கே தப்பு நடந்தா? நடந்தது.

ஓபன்எஸ்எஸ்எல்னு ஒரு லைப்ரரி. இன்டர்நெட்ல ரகசியச் சாவிகள் உருவாக்குற வேலையில பெரும்பங்கு அதுக்கு. நினைவகப் பிழைகளைத் தேடுற வால்கிரைண்ட்ங்கற டூல் அதுல எச்சரிக்கை காட்டிக்கிட்டே இருந்துச்சு. டெபியன் பக்கம் அதைப் பார்த்துக்கிட்டவர், ஓபன்எஸ்எஸ்எல் ஆட்கள்கிட்ட கேட்டுட்டு, 2006-ல அந்த எச்சரிக்கைக்குக் காரணமான வரிகளை எடுத்தார். கேட்டதுக்கு வந்த பதிலை ரெண்டு தரப்பும் வேற வேற மாதிரி புரிஞ்சுக்கிட்டாங்க. எடுத்த வரியில ஒண்ணுதான் சாவிக்குத் தேவையான தற்செயல் தன்மையைக் கொடுத்துக்கிட்டு இருந்துச்சு.

விளைவு? எண்ணவே முடியாத அளவு சாவிகள் உருவாக வேண்டிய இடத்துல, ஒரு வகைக்கு 32,768 சாவிதான் உருவாக முடியும்னு ஆயிடுச்சு. ஒரு கம்ப்யூட்டர் அத்தனையையும் போட்டுப் பார்க்க ரொம்ப நேரம் ஆகாது. கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் யாருக்கும் தெரியலை. லூசியானோ பெல்லோங்கற டெபியன் டெவலப்பர் கண்டுபிடிச்சு, 2008 மே 13-ல அறிவிச்சாங்க. டெபியன், உபுண்டு மெஷின்கள்ல அந்தக் காலத்துல உருவான சாவிகளையெல்லாம் தூக்கிப் போட்டுட்டுப் புதுசா உருவாக்க வேண்டியதாப் போச்சு.

எழுதினவரே விட்டிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. நடு ஆள் கை வச்சதால வந்த வினை. "எதுக்கு இந்த நடு ஆள்? எழுதினவர்கிட்ட இருந்து நேரா வாங்கிக்கலாமே"ன்னு கேட்கிறவங்களுக்கு நல்ல வாதம் கிடைச்சது.

ஆளே வேண்டாம்

அப்படி நேரா வாங்குற வழி ஏற்கெனவே வளர்ந்துக்கிட்டுதான் இருந்துச்சு. பெர்ல் மொழிக்கு சிபேன் 1995-லயே வந்தாச்சு. பைத்தானுக்கு 2003-ல பைபிஐ, 2008-ல பிப். 2010-ல ஐசக் ஷ்லூட்டர், நோட் ஜேஎஸ்ஸுக்காக என்பிஎம் கொண்டுவந்தார். இங்கெல்லாம் கணக்கு ஒண்ணு திறந்து ஒரு கமாண்ட் அடிச்சா உங்க கோட் உலகத்துக்கே போயிடும். நேர்ல பார்க்கணும், அட்டை காட்டணும்ங்கற பேச்சே இல்லை.

இதோட அருமையைக் குறைச்சுச் சொல்லக் கூடாது. டெபியன் ஸ்டேபிள்ல ஒரு புது வெர்ஷன் வர்றதுக்கு வருஷக்கணக்கா ஆகலாம். என்பிஎம்ல நிமிஷக்கணக்கு. யார்கிட்டயும் அனுமதி கேட்காம, காலேஜ் ரூம்ல உட்கார்ந்து எழுதின ஒரு பத்து வரி கோடை உலகமே பயன்படுத்தலாம். அந்தச் சுதந்திரத்துலதான் இன்னைக்கு நாம பார்க்கிற வெப் வளர்ந்தது.

2016 மார்ச் 22. அஸர் கோச்சுலுங்கற புரோகிராமர் "கிக்"னு ஒரு பேக்கேஜ் வச்சிருந்தார். அதே பேர்ல மெசேஜிங் ஆப் நடத்தின கனடா நிறுவனம் அந்தப் பேரைக் கேட்டது. அவர் மறுத்தார். என்பிஎம் நிர்வாகம் பேரை நிறுவனத்துக்குக் கொடுத்தது. கோபத்துல அவர் தன்னோட 250-க்கும் மேற்பட்ட பேக்கேஜ்களையும் ஒட்டுமொத்தமா எடுத்துட்டார். அதுல ஒண்ணு லெஃப்ட்-பேட். வெறும் 11 வரி. ஒரு எழுத்துத்தொடரோட இடப்பக்கம் இடைவெளி சேர்க்கும், அவ்வளவுதான்.

ஆனா அந்த 11 வரியை ஒண்ணு நம்பியிருக்க, அதை இன்னொண்ணு நம்பியிருக்க, பேபல் மாதிரியான பெரிய டூல்கள் வரைக்கும் சங்கிலி போயிருந்தது. உலகம் பூரா பில்ட் எல்லாம் உடைஞ்சது. ரெண்டு மணி நேரம்போல ஆன பிறகு, என்பிஎம் அதை வலுக்கட்டாயமாத் திரும்பக் கொண்டுவந்தது. மத்தவங்க நம்பியிருக்கிற பேக்கேஜை இஷ்டத்துக்கு எடுக்க முடியாதுன்னு பிறகு விதியையும் மாத்தினாங்க.

அஸர் மேல எனக்குக் கோபம் வரலை. அவர் எழுதினது, அவர் எடுத்தார். டெபியன்ல இது நடந்திருந்தா ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது. ஏன்னா அங்க நடு ஆள் ஏற்கெனவே ஒரு நகலை எடுத்துத் தன்கிட்ட வச்சிருப்பார்.

ரெண்டு வருஷம் கழிச்சு இன்னும் மோசமான ஒண்ணு. ஈவென்ட்-ஸ்ட்ரீம்னு ஒரு பேக்கேஜ். வாரத்துக்கு லட்சக்கணக்குல டவுன்லோட். எழுதினவர் டொமினிக் டார், அதைத் தானே பயன்படுத்துறதை எப்பவோ நிறுத்திட்டார். சம்பளமும் கிடையாது. ஒருத்தர் ஈமெயில்ல வந்து "நான் பார்த்துக்கட்டுமா?"ன்னு கேட்டார். இவரும் கொடுத்துட்டார். வந்தவர் 2018 செப்டம்பர்ல உள்ள ஒரு புது டிபென்டன்சியைச் சேர்த்தார். கோபே-ங்கற பிட்காயின் வாலட்டுல இருந்து பணம் திருடுற கோட் அதுல ஒளிஞ்சிருந்துச்சு. நவம்பர்லதான் வெளியே வந்தது.

வாங்கினவங்க யாரும் புதுசா எதையும் இன்ஸ்டால் பண்ணலை. வழக்கம்போல அப்டேட் பண்ணாங்க. உள்ள ஆள் மாறியிருந்தார், அவ்வளவுதான்.

அரை செகண்ட்

இதையெல்லாம் யாரோ ஒருத்தர், இல்லை ஒரு கூட்டம், கவனமாப் படிச்சிருக்கணும்.

எக்ஸ்இசட். ஃபைல்களைச் சுருக்குற ஒரு சின்ன டூல். லாஸி காலின்ங்கற ஒருத்தர் பல வருஷமா கிட்டத்தட்டத் தனியாப் பார்த்துக்கிட்டார். 2021-ல ஜியா டான்ங்கற பேர்ல ஒருத்தர் வந்து உதவ ஆரம்பிச்சார். நல்ல வேலை, பொறுமையான பேச்சு. 2022-ல வேற சில கணக்குகள் வந்து காலினை நெருக்கின. "அப்டேட் ஏன் லேட்டாகுது? வேற ஆளைச் சேர்க்கலாமே"ன்னு. இது சம்பளம் இல்லாத பொழுதுபோக்கு வேலைன்னு காலின் எடுத்துச் சொன்னார். கடைசியில ஜியா டான்கிட்ட பொறுப்பு போச்சு. நெருக்கின கணக்குகள் அதுக்கப்புறம் காணாமப் போயிடுச்சு.

2024 பிப்ரவரியில 5.6.0 வெளியாச்சு, மார்ச்ல 5.6.1. ரெண்டுலயும் ஒரு பின்வாசல். எல்லாரும் பார்க்கிற சோர்ஸ் கோடுல முழு ஆயுதமும் இல்லை. சோதனை ஃபைல்கள்னு போட்டிருந்ததுல ஒரு பகுதி. அதை இயக்குற பகுதி எங்க இருந்தது தெரியுமா? வெளியீட்டுக்காகக் கட்டின டார் மூட்டையில மட்டும், கான்ஃபிகர் ஸ்கிரிப்டோட சேர்ந்து. யாரும் படிக்க மாட்டாங்கன்னு சொன்னேனே, அதே இடம்.

அந்த ஸ்கிரிப்ட் முதல்ல ஒரு கேள்வி கேட்கும்: நான் இப்போ டெபியன் பேக்கேஜாவோ ஆர்பிஎம் பேக்கேஜாவோ கட்டப்படுறேனா? ஆமான்னாதான் வேலையைக் காட்டும். குறி தெளிவா நடு ஆள்தான். அவர் கட்டி, அவர் முத்திரை குத்தி, ஆப்ட் வழியா வீட்டுக்கு வீடு போகணும்.

போய் என்ன பண்ணும்? தூரத்துல இருந்து சர்வருக்குள்ள நுழையிற வாசல் எஸ்எஸ்ஹெச். அதுக்கும் எக்ஸ்இசட்டுக்கும் நேரடிச் சம்பந்தமே கிடையாது. ஆனா டெபியனும் ஃபெடோராவும் சிஸ்டம்டி வசதிக்காக எஸ்எஸ்ஹெச்ல ஒரு மாற்றம் பண்ணியிருந்தாங்க. அதனால சிஸ்டம்டி லைப்ரரி உள்ள வரும், அது எக்ஸ்இசட் லைப்ரரியைக் கூட்டிட்டு வரும். ஒரு குறிப்பிட்ட ரகசியச் சாவி வச்சிருக்கிறவர் அந்த மெஷின்ல எந்தக் கமாண்டையும் ஓட்டலாம்.

சிட் பதிப்புக்குள்ள அது போயிடுச்சு. ஃபெடோராவோட சோதனைப் பதிப்புகளுக்குள்ளயும் போயிடுச்சு. டெபியன் ஸ்டேபிளுக்குப் போகலை. நாம எப்பவும் கிண்டல் பண்ற அந்த மெதுவான வழக்கம், இந்தத் தடவை காப்பாத்திச்சு.

கண்டுபிடிச்சது ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட். மைக்ரோசாஃப்ட்ல வேலை பார்க்கிற போஸ்ட்கிரெஸ் டெவலப்பர், செக்யூரிட்டி ஆள்கூட கிடையாது. சிட் ஓடுற தன்னோட மெஷின்ல எஸ்எஸ்ஹெச் லாகின் வழக்கத்தைவிட அரை செகண்ட் அதிகமா எடுக்குதேன்னு கவனிச்சார். சில வாரம் முன்னாடி, பேக்கேஜ் அப்டேட்டுக்கு அப்புறம் ஒரு விநோதமான எச்சரிக்கையைப் பார்த்ததும் ஞாபகம் வந்துச்சு. அந்த எச்சரிக்கையைக் கொடுத்த டூல், வால்கிரைண்ட். 2006-ல ஓபன்எஸ்எஸ்எல்ல சத்தம் போட்ட அதே டூல். அன்னைக்கு அந்தச் சத்தத்தை நிறுத்தப் போய் ஓட்டை விழுந்துச்சு. இந்தத் தடவை ஒருத்தர் ஏன் சத்தம் போடுதுன்னு தோண்டிப் போனார். 2024 மார்ச் 29-ல எல்லாத்தையும் எழுதிப் பொதுவுல போட்டார்.

உபுண்டு 24.04-ஓட பீட்டாவை ஒரு வாரம் தள்ளி வச்சு பேக்கேஜ்களைத் திரும்பக் கட்டினாங்க. ஜியா டான் யாருன்னு இன்னும் வெளியே வரலை.

நேரம் யார்கிட்ட இருக்கு

நடு ஆள் வேணுமா வேண்டாமாங்கற சண்டை முப்பது வருஷமா ஓடுது. அவர் இருந்தா ஓபன்எஸ்எஸ்எல் மாதிரி நடக்கும், இல்லைன்னா லெஃப்ட்-பேட் மாதிரி நடக்கும். எக்ஸ்இசட் எனக்குச் சொன்ன பாடம் வேற. ஆள் இருக்காரா இல்லையாங்கறதைவிட, அவருக்கு உட்கார்ந்து பார்க்க நேரம் இருக்காங்கறதுதான் கேள்வி. டொமினிக் டாருக்கு நேரம் இல்லை. லாஸி காலினுக்கு நேரம் இல்லை. அவங்க களைச்சுப்போன இடத்துலதான் வெளியாள் புகுந்தான். ஃப்ராய்ண்ட் அரை செகண்டைத் துரத்திக்கிட்டுப் போக நேரம் வச்சிருந்தார்.

டெபியன் 12-ல 64,000-க்கும் மேல பேக்கேஜ் இருக்கு. டெபியன் டெவலப்பர்கள் சுமார் ஆயிரம் பேர். பெரும்பாலும் தன்னார்வலர்கள். இது மேலதான் பேங்க் சர்வரும் ஓடுது, ஆஸ்பத்திரி சர்வரும் ஓடுது. இதை வச்சுக் கோடிக்கணக்குல சம்பாதிக்கிற கம்பெனிகள், அந்த ஆட்களோட நேரத்துக்குக் காசு கொடுக்கணும்னு நான் நினைக்கிறேன். அதைத் தர்மமா நினைக்க வேண்டாம். வீட்டு வாட்ச்மேனுக்குச் சம்பளம் கொடுக்கிறோமே, அது மாதிரி.

நம்ம கையில இருக்கிறது சின்ன வேலைகள். யாரோ ஒரு பக்கத்துல கொடுத்திருக்கிற கமாண்டை, அதுலயும் ஒரு ஸ்கிரிப்டை நெட்ல இருந்து இழுத்து அப்படியே சூடோவோட ஓட்டச் சொல்ற கமாண்டை, படிக்காம ஒட்டாதீங்க. அங்க நடு ஆளும் கிடையாது, முத்திரையும் கிடையாது. என்பிஎம், பிப் பயன்படுத்தும்போது பேரோட ஸ்பெல்லிங்கை ஒரு தடவை பாருங்க. ஒரு எழுத்து மாத்திப் போட்டு மாட்ட வைக்கிறதுக்குன்னே பேக்கேஜ்கள் இருக்கு. வேலைக்கான புராஜெக்ட்னா, லாக் ஃபைல் வச்சு வெர்ஷனை உறுதிப்படுத்திக்கோங்க.

இன்னொண்ணு, சும்மா ஆர்வத்துக்கு. இன்னைக்கு உங்க லினக்ஸ் மெஷின்ல "ஆப்ட் ஷோ"ன்னு போட்டு, நீங்க தினமும் பயன்படுத்துற ஒரு சாஃப்ட்வேர் பேரைப் போட்டுப் பாருங்க. மெயின்டெய்னர் வரியில ஒரு பேர் வரும். அந்தப் பேக்கேஜுக்குப் பிழை அறிக்கை எழுதலாம், மொழிபெயர்ப்புல கை கொடுக்கலாம், இல்லை ஒரு நன்றி மெயிலாவது போடலாம். சீக்கிரம் பண்ணுன்னு மட்டும் கேட்காதீங்க, அதுக்கு ஏற்கெனவே நிறைய பேர் இருக்காங்க.

இந்த எபிசோட் அவ்வளவுதான் மக்களே. உங்க மெஷின்ல எந்தப் பேர் வந்துச்சுன்னு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த வாரம் பேசுவோம்.